எழுதியதா, ஒற்றியதா, அச்சிட்டதா: அட்டையில் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைப் பொருள் கண்காட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிப்பவன் நான். அரங்குகள் எத்தனை, விற்பனை எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அங்கே கைவேலை என்ற பெயரில் விற்றது கைவேலைதானா என்று எவரும் கேட்டதாக நினைவில்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

சென்ற ஆண்டு மருமகளின் வளைகாப்புக்காக, 'கையால் வரைந்த கலம்காரி' (மரபுச் சாயங்களால் துணியில் படம் தீட்டும் கலை) என்று அட்டை தொங்கிய பருத்திச் சேலை ஒன்றை 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வீட்டில் விரித்துப் பார்த்தபோது, முந்தானையில் ஒரு கிளியின் வால் நுனியில் கோடு சற்றே அறுந்திருந்தது. கைவேலையென்றால் அப்படித்தான் இருக்கும் என்று மகிழ்ந்தோம். பிறகு எண்ணிப் பார்த்தால், முந்தானையின் பதினொரு கிளிகளுக்கும் அதே இடத்தில் அதே அளவுக்கு வால் அறுந்திருந்தது. துணியைத் திருப்பினால் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) ஓட்டிய சேலை என்பது அப்போதுதான் விளங்கியது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் சார் கலம்காரி என்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், மரபு முறையில் கலம்காரி எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வகுப்பறை நினைவுதான் வரும். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலிலுள்ள கொழுப்பு, பிறகு தீட்டும் மை துணியில் பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த சாற்றில் மூங்கில் எழுதுகோலைத் தோய்த்துக் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்பொருளோடு இரும்பு சேர்ந்து கோடு கறுத்துவிடும். பழைய காலத்து எழுதுமை உண்டான வினையும் இதுதான். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுகிறார்கள். அது கண்ணுக்கு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. துணியைச் சாயவேர் போட்ட கொதிநீரில் இறக்கி எடுத்து அலசும்போது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து, மற்ற இடம் வெளுக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு துணி முடிய வாரங்கள் ஆகும்போது, அதன் பெயரை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சேலை அடிக்கும் பட்டறை எடுத்துக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் தொம்பைகளுக்கும் கோயில் விதானங்களுக்கும் துணி எழுதிய எங்கள் பகுதியின் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரிக்கும் மசூலிப்பட்டினத்துக் கலம்காரிக்கும் அது முன்பே உண்டு. ஆனால் அந்தக் காப்பு ஊர்ப்பெயரோடு சேர்ந்தது. ஊர்ப்பெயரை விட்டுவிட்டு வெறும் 'கலம்காரி' என்று அட்டை கட்டினால் கேட்க ஆளில்லை. கைத்தறி முத்திரை உதவுமா என்றால், அது துணி கைத்தறியில் நெய்தது என்பதற்கு மட்டுமே சான்று. அதன்மேல் எழுதினார்களா, அச்சடித்தார்களா என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஒரு சேலைக்காக ஆணையத்தின் படியேறுபவர் எத்தனை பேர்?

இந்தோனேசியாவிலும் இதே தொல்லை உண்டு. சாவகத் (ஜாவா) தீவில் சிறு செப்புக் கிண்ண மூக்கால் உருகிய மெழுகை ஊற்றிக் கோலமிட்டுச் சாயத்தில் தோய்க்கும் பாத்திக் கலையை 2009-ல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2007-ல், அந்நாட்டு அரசு பாத்திக் துணிக்கென ஒரு முத்திரை கொண்டுவந்து, கையால் எழுதியது, செப்பு அச்சால் ஒற்றியது, இரண்டும் கலந்தது என்று மூன்றாகப் பிரித்துவிட்டது. மெழுகே படாமல் அச்சிட்ட துணிக்கு அதில் இடமில்லை. கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென உருவான பழைய சேலைகளிலும் மெழுகால் சாயத்தைத் தடுக்கும் வேலை உண்டு என்பதால், இந்தச் சங்கதி நமக்கு அந்நியமன்று.

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கு, 1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. கம்பளிக்குச் சாயமேற்றி நூற்பதும் முடிப்பு வேலையும் அத்தீவுகளிலேயே நடக்கவேண்டும்; நெசவைத் தீவுவாசிகள் தம் வீட்டிலேயே கையால் செய்யவேண்டும். நூற்பது ஆலையில் நடக்கலாம், அதற்குத் தடையில்லை. எந்த வேலை கையால் நடந்தாக வேண்டும் என்பதை ஐயமின்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் கையாலேயே செய் என்று கைவினைஞரை வதைப்பதைவிட இது மேல்.

நாமும் அவ்வாறே தொடங்கலாம். 'எழுதியது', 'கட்டையால் ஒற்றியது', 'இயந்திரத்தில் அச்சிட்டது' என்ற மூன்றில் ஒன்று ஒவ்வொரு துணியின் அட்டையிலும் இருக்கவேண்டும். கட்டையால் ஒற்றுவதும் கைவேலையே. மசூலிப்பட்டினத்துக் கலம்காரி பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது. (கட்டையிலும் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும் என்றாலும், ஒற்றலும் ஒற்றலும் சேரும் இடத்தில் கையின் தடுமாற்றம் தெரிந்துவிடும்.) அச்சுச் சேலையையும் நான் பழிக்கவில்லை. என் மனைவி அன்றாடம் உடுத்துவது அதைத்தான். அது அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே விற்கட்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அரசு நடத்தும் கண்காட்சிகளில் அரங்கு ஒதுக்கும் விண்ணப்பப் படிவத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, மீறுபவருக்கு மறு ஆண்டு இடமில்லை என்று அறிவித்தால் போதும். தீபாவளிக் கண்காட்சிகளுக்கான விண்ணப்பங்கள் வாங்கும் முன்பே துறை அதிகாரிகள் இதைப் பரிசீலிக்க, தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.