கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டி கேட்கும் முன்: புலம்பெயர்ந்த மட்டக்களப்பு உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய உறவுகளே,

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் நிற்க வேண்டும், பிள்ளைகளையும் கூட்டி வருகிறோம் என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் அழைக்கிறீர்கள். கேட்கவே மனம் நிறைகிறது. அதே அழைப்பில், "கட்டுநாயக்காவுக்கு ஒரு வான் அனுப்புவீர்களா?" என்றும் கேட்கிறீர்கள். இந்த முறை வான் வேண்டாம், ரயிலில் வாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கடந்த முறை அக்கா குடும்பத்தை அழைத்துவர நானும் வானில் போயிருந்தேன். பெட்டிகளை ஏற்றிப் புறப்படும்போதே இரவாகிவிட்டது. குருநாகல் வருமுன் பிள்ளைகள் இருவரும் உறங்கிப் போனார்கள். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது எழுப்பிப் பார்த்தேன். சின்னவள் கண் திறக்கவில்லை. அன்று காலைதான் ஊரிலிருந்து புறப்பட்டு வந்திருந்த சாரதி, கண்ணுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே ஓட்டினார். பிள்ளைகள் விழித்தது எங்கள் வீட்டு வாசலில்தான். பத்து நாள் கழித்து அதே பிள்ளைகள் எல்லவுக்குப் போய், ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மலைநாட்டு ரயிலின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கள் அம்மம்மாவின் ஊருக்கே ஒரு ரயில் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அது எனக்கு வலித்தது.

கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். காலையில் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் உதயதேவி ரயிலில் ஏறினால் பிற்பகலில் மட்டக்களப்பு. நேரங்கள் மாறுவதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இரவில் ஓடும் மீனகயாவில் வந்தால் வானில் உறங்கிக்கொண்டு வருவது போலத்தான். வழி கண்ணில் படாது.

மாகோ சந்தி வரை அது யாழ்ப்பாணம் போகும் பாதை. அங்கே பிரிந்து கிழக்கே திரும்பிய பிறகுதான் நம்முடைய வழி. யாப்பகுவ, அவுக்கன, கலாவெவ என்று நிலையங்களின் பெயர்களே பழைய அரசுகளையும் குளங்களையும் சொல்லிக்கொண்டு வரும். ஹபரணையை அண்டிய காட்டில் ரயில் மெதுவாகப் போனால் சலித்துக்கொள்ளாதீர்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில்தான் பயணிகள் ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. அங்கே தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நான் நன்றி சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பொலன்னறுவை தாண்டியதும் மன்னம்பிட்டிப் பாலம். 2007இல் வீதிக்குத் தனிப் பாலம் திறக்கும்வரை ரயிலும் பஸ்ஸும் அந்த ஒற்றை இரும்புப் பாலத்தைத்தான் பகிர்ந்துகொண்டன. பிறகு புனானை. 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தையின் ஊர் அது. அதன் பாடம் செய்த உடல் இன்றும் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் நாளே காட்டிவிட்டு வந்தால், பிள்ளைகள் புனானையில் யன்னலை விட்டு நகரமாட்டார்கள்.

வாழைச்சேனையை நெருங்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அதுவரை சிங்களத்தில் கேட்ட வடை, கச்சான் விற்பவர்களின் குரல் தமிழுக்கு மாறும். போர்க்காலத்தில் மட்டக்களப்புக்கு ரயிலே வராத ஆண்டுகள் இருந்தன. அதை அனுபவித்த எனக்கு, அந்தக் குரலைக் கேட்டால்தான் ஊர் வந்துவிட்டது என்று உறுதியாகும். அம்மம்மாவின் வாயில் கடைசிவரை அது ரயில் அல்ல, கோச்சி.

வீதியை நான் தாழ்த்தவில்லை. மின்னேரியா வனத்தை ஒட்டிப் போகும் வீதியில், பகலில் வந்தால் யானையைப் பக்கத்திலேயே காணலாம். நடக்க முடியாத முதியவர்களுக்கு வான்தான் உதவி. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் உறவுகளுக்கு ஊர்வரை ரயிலும் இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. நீங்களும் அதுவரை ரயிலில் வந்து, அங்கிருந்து கடலை ஒட்டிய வீதியில் போகலாம்.

திரும்பிப் போகும்போது வானை நானே ஒழுங்கு செய்து தருகிறேன். செங்கலடியில் திரும்பி, படுவான்கரை வயல்களைத் தாண்டி, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை என்று மலை ஏறிப் பதுளை. மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். பதுளையில் மலைநாட்டு ரயிலைப் பிடித்தால் எல்லவும் வழியிலேயே வந்துவிடும்.

வருகிற நாளை மட்டும் எழுதி அனுப்புங்கள். பிற்பகலில் மட்டக்களப்பு நிலையத்து மேடையில் நான் நிற்பேன். சின்னவள் எந்த ஊரில் உறங்கிப் போனாள் என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் தம்பி