சீனுவுக்கு, ரவுட்டர் வாங்கும் முன்

அன்புள்ள சீனு,

ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட்டில் பேசும்போது உன் குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. அப்பா சொன்னாரென்று புது ரவுட்டருக்குக் காசைக் கொட்டாதே. நீ அனுப்பிய போட்டோவில் சுவரோரம் பழைய டெலிபோன் வயர் மூன்று அறைக்கும் ஓடுகிறது. உன் பிராட்பேண்ட் வருவதும் அந்த லைனில்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் டெஸ்ட் ரூமில் வேலை பார்த்தவளுக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம்.

முதலில், கோளாறு வெளியிலா வீட்டுக்குள்ளா என்று பார். வெளி லைன் வீட்டுக்குள் வந்து சேரும் முதல் சாக்கெட்தான் மாஸ்டர் சாக்கெட். உன்னுடையதன் கீழ்ப்பாதி மூடியில் இரண்டு திருகு இருக்கிறது. கழற்றினால் உள்ளே டெஸ்ட் சாக்கெட் தெரியும். மற்ற அறைகளுக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் வயரெல்லாம் அப்போதே லைனிலிருந்து பிரிந்துவிடும். போன் குரலையும் பிராட்பேண்டையும் பிரிக்கும் சின்ன ஃபில்டரோடு ரவுட்டரை அதில் செருகிப் பார். வேகம் ஏறினால் வீட்டு வயரிங்தான் காரணம். ஏறாவிட்டால் கம்பெனிக்காரனைக் கூப்பிடு. இங்கே என்றால் மழைக்குப் பிறகு களிம்பு ஏறிய ஜாயிண்டைத்தான் முதலில் தேடுவோம்.

உங்கள் பிரிட்டனில் ஒரு வேடிக்கை உண்டு. நம் மாம்பலம் வீட்டில் போனுக்கு இரண்டே கம்பி. அங்கே 2, 5 என்ற முனைகளில் லைன். 3-இல் மணி அடிப்பதற்கென்றே தனியாக ஒரு கம்பி. இப்போதைய போன்களுக்கு அது தேவையில்லை. லைனின் முறுக்கிய இரண்டு கம்பியிலும் வெளி இரைச்சல் சமமாக ஏறுவதால் கடைசியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மூன்றாவது கம்பி ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் அந்தச் சமநிலை கெட்டு, அது ஏரியலாகிவிடும். நம் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதே, பிராட்பேண்ட் சிக்னலும் அந்த வட்டாரத்தில்தான் ஓடுகிறது. அப்புறம் இரைச்சல் நுழையாமல் என்ன செய்யும்?

ஆகவே மூடி கழன்றிருக்கும்போதே எல்லா சாக்கெட்டிலும் 3-ஆம் கம்பியை எடுத்து, நுனியில் டேப் சுற்றிவிடு. படுக்கையறையில் எதிலும் சேராமல் கிடக்கும் வயரையும் கழற்று. சிக்னல் அதன் நுனிவரை போய் மோதித் திரும்பி வந்து குழப்பும். போன் இருக்கும் சாக்கெட்டுக்கெல்லாம் ஃபில்டர் வேண்டும். வாடகை வீடு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சரிசெய்த பிறகு ரவுட்டரைச் சும்மா சும்மா அணைக்காதே. லைன் நிலையாக இல்லை என்று எடுத்துக்கொண்டு கம்பெனியின் சிஸ்டமே வேகத்தைக் குறைத்துவிடும். ரவுட்டர் காட்டும் வேகத்தையும் எஸ்என்ஆர் மார்ஜினையும் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு) முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா