அறுபடாத மரபா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜேர்மனியின் ஷூல்ஃபோர்ட்டா பள்ளியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். சாலே ஆறும் திராட்சைத் தோட்டங்களும் பழைய துறவிமடமும் அழகாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘திறமை ஒன்றையே பார்த்து வாசல் திறக்கும் பள்ளி, 1543 முதல் அறுபடாத மரபு.’ அந்த வரியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயது போனவள் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறாள் என்று எண்ணாமல் முழுதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1935இல் அந்தப் பள்ளி நாட்சிகளின் ‘நாப்போலா’ ஆக்கப்பட்டது. ஹிட்லரின் அரசுக்கு வருங்காலத் தலைவர்களை வளர்த்தெடுப்பதற்கென்றே நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிகள் அவை. உடற்கட்டைப் பார்த்தார்கள், வம்சத்தைப் பார்த்தார்கள், ‘ஆரியர்’ என்று சான்று கேட்டார்கள். 1936 முதல் இந்தப் பள்ளிகளையெல்லாம் மேற்பார்வை செய்தவர் எஸ்.எஸ். என்ற நாட்சிப் படையின் உயர் அதிகாரி அவுகுஸ்ட் ஹைஸ்மையர். 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகள் ஜேர்மன் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டார்கள். இந்தப் பத்து ஆண்டுகள் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தத்துவஞானி நீட்சே உட்கார்ந்த வகுப்பறைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். ஐயா, நீங்கள் வரலாறு அறிந்தவர். இது உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தொடக்கத்திலும் ‘திறமை ஒன்றையே’ பார்க்கவில்லை. அங்கிருந்த சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் 1540இல் கலைக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து சக்சனியை ஆண்ட மோரிட்ஸ் அந்த மடத்தின் சொத்தைக் கொண்டே பள்ளியை நிறுவினார். நூறு பையன்கள், படிப்பும் சாப்பாடும் இலவசம். நல்ல காரியம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்ன நகரத்துக்கு இத்தனை இடம், பிரபு குடும்பங்களுக்கு இத்தனை இடம் என்று பங்கு இருந்தது. தகப்பனை இழந்த நீட்சே 1858இல் உள்ளே போனதும் அப்படியொரு இலவச இடத்தில்தான். தத்துவஞானி ஃபிக்டேயின் கதையையாவது கட்டுரையாளர் சரியாகச் சொல்லியிருக்கலாம். நாடா நெய்கிறவரின் மகன் அவர். ஞாயிறு பிரசங்கத்தைத் தவறவிட்ட ஒரு பிரபுவுக்கு அதை அப்படியே ஒப்புவித்துக் காட்டினார். அந்தப் பிரபு மனமிரங்கிப் படிக்கவைத்ததால்தான் 1774இல் ஃபோர்ட்டாவுக்குள் கால் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரபு நேரத்துக்கு வந்திருந்தால் பையன் தறியோடு போயிருப்பான். வந்த பிறகும் மூத்த மாணவனின் கொடுமை தாங்காமல் ஒருமுறை ஓடிப்போனார். பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதவே வேண்டாம். ஏறக்குறைய நானூறு ஆண்டு அந்தப் பள்ளி பையன்களுக்கானதாகவே இருந்தது.

இந்திய வாசகருக்கு நெருக்கமான பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். பாவுல் டாய்சன், நீட்சேயின் வகுப்புத் தோழர், பின்னாளில் அறுபது உபநிடதங்களை ஜேர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர். 1896இல் கீல் நகரத்தில் விவேகானந்தர் அவர் வீட்டுக்குப் போனார். அவர் பெயரும் விடுபட்டிருக்கிறது.

போருக்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளைக் ‘கிழக்கு ஜேர்மனியின் காலத்திலும் தொடர்ந்தது’ என்று நான்கு சொல்லில் கட்டுரையாளர் முடித்துவிட்டார். நான் மருத்துவமனைச் சமையலறையில் பதினேழு ஆண்டு வேலை செய்தேன். அங்கே என்னோடு பாத்திரம் கழுவியவள் பள்ளிக்கு அருகிலுள்ள நவும்பேர்க் நகரத்துப் பக்கத்துக்காரி, பாதிரியாரின் மகள். வகுப்பில் முதலாவதாக வந்தவள். கிழக்கு ஜேர்மனியை ஆண்ட கட்சியின் இளைஞர் அமைப்பில் சேரவில்லை என்பதால் அவளுடைய ஊர்ப் பள்ளியில் மேல்வகுப்புக்கு விடவில்லை. நாற்பத்தைந்து வயதிலும் மதிய இடைவேளையில் கணிதப் புதிர்ப் புத்தகம் விரித்து வைத்திருப்பாள். அவளிடம் போய் அறுபடாத மரபு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி என் வீட்டுக் கதை. நாங்கள் 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து அகதிகளாகப் பதிந்தவர்கள். மகன் 1988இல் பிறந்தான். அவன் நாலாம் வகுப்பில் இருந்தபோது, 1998 தொடக்கத்தில், ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் ‘வீட்டில் டொச் (ஜேர்மன் மொழி) பேசுவதில்லை, உதவ ஆள் இல்லை’ என்றார். ஹவுப்ட்சூலேக்கு, அதாவது மூன்று தட்டில் அடித்தட்டுக்கு, பரிந்துரை எழுதிக் கொடுத்தார். நானும் இவரும் ‘நன்றி’ சொல்லிவிட்டு வந்தோம். அக்காலத்தில் எங்கள் மாநிலத்தில் அது ஆலோசனை மட்டும்தான், கடைசி முடிவு பெற்றோருடையது. அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடிதத்தில் முத்திரை இருந்தது. உத்தரவு என்று நினைத்தோம். மேல்மாடி வீட்டுப் பையனுக்கு எங்கள் மகனைவிடக் குறைந்த புள்ளி. தகப்பன் வழக்கறிஞர். அவன் கிம்னாசியத்துக்கு, அதாவது மேல்தட்டுப் பள்ளிக்கு, போனான்.

ஏறக்குறைய நாலு ஆண்டு கழித்து, 2001 டிசம்பரில், பல நாட்டு மாணவர்களின் கல்வித் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வின் முடிவு வந்தது. பெற்றோரின் நிலைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ள பிணைப்பு இந்த நாட்டில் மிக இறுக்கமானது என்று அது காட்டியது. ஊரே அதிர்ச்சியில் இருந்தது. எங்கள் வீட்டில் அதிர்ச்சி இல்லை. அப்போது மகனுக்குப் பதின்மூன்று வயது. பகலில் வேலை, இரவில் மாலைநேர கிம்னாசியம் என்று படித்து இருபத்துநாலு வயதில் அபிட்டூர், அதாவது பல்கலைக்கழகம் புகுவதற்கான பள்ளி இறுதிச் சான்று, எடுத்தான். நல்லாய்த்தான் இருக்கிறான். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

‘பத்து வயதிலேயே திறமையை இனங்கண்டுவிடும் நாடு’ என்று உங்கள் கட்டுரை வியக்கிறது. இன்றைய ஃபோர்ட்டாவில் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில்தான் சேர்கிறார்கள் என்பதைக்கூட விசாரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பும் இதே மாதிரி ஒரு கட்டுரை போட்டீர்கள், ஜேர்மனியில் பள்ளிக் கட்டணம் இல்லை, பெற்றோருக்குக் கவலையே இல்லை என்று. அதற்கும் கடிதம் எழுதினேன். அது அச்சில் வரவில்லை. விமானத்தில் வந்து நாலு நாள் தங்கிப் போகிறவர் எழுதினால் ஆறு பக்கம். இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் எழுதினால் இடமில்லை. முப்பது ஆண்டாகச் சந்தா கட்டி உங்கள் இதழை எதிர்பார்த்திருக்கும் எனக்கு இதைச் சொல்ல உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். 1935 முதல் 1945 வரை அந்தப் பள்ளி என்னவாக இருந்தது என்று அடுத்த இதழில் போடுங்கள். கூடவே, ‘பள்ளியின் தேவாலயம்’ என்று நீங்கள் அச்சிட்ட படம் நவும்பேர்க் பேராலயம். நாலு கோபுரம் தெரிகிறது. சிஸ்டர்சியத் துறவிகள் அப்படிக் கோபுரம் எழுப்புகிறவர்கள் அல்லர்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் மகனைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள். 1935ஐ எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி ஒருவர்,
ரூர் பிரதேசம், ஜேர்மனி