அந்த ஒரு தாளுக்கு நன்றி

கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி உறவுகளுக்கு,

அன்று ராத்திரி என் வீட்டில் நடந்த வன்முறை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நேற்று ராத்திரிதான் இடையில் எழுந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்காமல் தூங்கினேன்.

நள்ளிரவில் 15999 உதவி எண்ணுக்கு அழைத்த எதிர்வீட்டு அக்கா, மகளைத் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்த கீழ்மாடி மக்சிக் (மலாய்க்கார அம்மா), மாடிப்படியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கக் காவல் குழு அண்ணன்மார், காசு வாங்காத பள்ளி வேன்காரர், எல்லோருக்கும் நன்றி. 2021 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் இதே மாடிகளில் உதவி வேண்டும் என்று வெள்ளைக் கொடி தொங்கவிட்ட வீடுகளுக்கு, யார் எவர் என்று கேட்காமல் அரிசி போனது. அன்று பழகிய கால்கள்தான் என் வாசலுக்கும் ஓடி வந்தன என்று நினைக்கிறேன்.

சமூகநல இலாகாவிலிருந்து வந்த அந்தத் தங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அதற்குள் மூன்று கவுண்ட்டர்களில் ஒரே கதையைச் சொல்லி எனக்கு வாய் வறண்டிருந்தது. ஓரிடத்தில், "குடும்பம்னா அப்படித்தான், வீட்டுக்குப் போய்ப் பேசுங்க" என்றார்கள். இவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"அக்கா, போலீஸ் ரிப்போர்ட்டைப் படிச்சிட்டேன். நீங்க திரும்பச் சொல்ல வேணாம். தப்பா இருந்தா மட்டும் திருத்துங்க."

மலாயில் எழுதி வைத்திருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஒரு தேதியைத் திருத்தினேன், அவ்வளவுதான். அப்புறம் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அந்தத் தாளைத்தான் நீட்டினார். நான் பேசாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூகநல அதிகாரியே கொடுக்கலாம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை, ஏழு நாள் செல்லும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தமாம் இது. இத்தனை வருஷமாக நான் இருந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. எத்தனை வீடுகளில் இன்னும் தெரியாமல் இருக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் இந்த ஞாயிறு முதல், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கீழ்மண்டபத்தில் இருப்பேன். ஃபாரம் எழுதத் தெரியாதவர்கள், கவுண்ட்டருக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவர்கள் வாங்க. எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன். இரண்டு நாற்காலி, பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைத்திருப்பேன்.

நன்றியுடன்,
ஏழாம் மாடியிலிருந்து