ஆறில் சறுக்கும் சைன்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் டெய்லர் தொடர் (ஒரு சார்பை x-இன் அடுக்குகளின் கூட்டலாக விரித்து எழுதுவது) வரைக்கும் வந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பழையபடி கணினி முன்னால் உட்கார ஆரம்பித்துவிட்டேன்.

சைனின் தொடர் 1-இல் சரியாக வந்துவிட்டு 6-இல் ஏன் சறுக்குகிறது என்று அவள் கேட்டிருந்ததை நானும் போட்டுப் பார்த்தேன். மாத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளில் சைனை 0-ஐச் சுற்றி ஏழாம் அடுக்கு வரை விரித்து, அதில் 1 ரேடியனைப் போட்டால் 0.841468. உண்மை மதிப்பு 0.841471. நான்கே உறுப்புகளுக்கு இது அபாரம். அதே கோவையில் 6-ஐப் போட்டால் −20.74! சைன் −1-க்குக் கீழே போகவே போகாதே. சரியான விடை −0.279. மென்பொருள் தப்பு செய்யவில்லை. விரிவின் கடைசியில் ‘எட்டாம் அடுக்கும் அதற்கு மேலும்’ என்பதைக் குறிக்கும் ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வரைபடம் போட அது இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறோம். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் சைன் எப்படியும் உண்மை மதிப்பில் வந்து ஒருங்கிவிடும். ஆனால் 6-இலிருந்து ஒரு முழுச் சுற்றை (2π) கழித்துப் பார்: −0.283. இதற்கு அதே நான்கு உறுப்புகள் பத்துத் தசம இடம் வரை சரியாகத் தருகின்றன. சைன் தொடரை 14ஆம் நூற்றாண்டிலேயே கண்ட கேரளக் கணிதர் மாதவரின் சைன் அட்டவணையும் 24 மதிப்புகளோடு 90 பாகையில் நின்றுவிடுகிறது; மிச்சத்தைச் சமச்சீர் பார்த்துக்கொள்ளும். எனக்கு அதில் தீராத வியப்பு. இன்றைய கணினிகளில் சைன் போன்றவற்றைக் கணக்கிடும் நிரல் நூலகங்களும் முதலில் எண்ணைச் சுருக்கிக்கொள்கின்றன. அப்புறமும் டெய்லர் கெழுக்களை அப்படியே எடுப்பது குறைவு. ரெமெஸ் என்ற கணிதர் 1934-இல் தந்த வழியில், பிழை இடைவெளி முழுக்கச் சமமாகப் பரவும்படி அவற்றை மாற்றிக்கொள்கிறார்கள்.

அவளை இன்னொன்றும் செய்து பார்க்கச் சொல். அடுக்குக்குறிச் சார்பின் (eˣ) தொடரில் −30-ஐப் போட்டு, இரட்டைத் துல்லியத்தில் (கணினி எண்களை வைத்துக்கொள்ளும் வழக்கமான வடிவம்) எத்தனை உறுப்பு வேண்டுமானாலும் கூட்டட்டும். நடுவில் வரும் உறுப்புகள் 77,000 கோடியைத் தாண்டும். கணினியிடம் இருப்பதோ ஏறத்தாழ 16 இலக்கம். கூட்டலும் கழித்தலுமாக அவை அடிபட்டுப்போனால் மிஞ்சுவது இலக்கங்களை வெட்டிச் சுருக்குவதால் வரும் வெறும் முழுமையாக்கல் பிழைதான். உண்மை விடை தசமப் புள்ளிக்கு அப்பால் 13 சுழியங்கள் கழித்தே தொடங்குகிறது. +30-க்குக் கூட்டித் தலைகீழாக்கினால் சரியாக வந்துவிடும். ஆனால் இதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே, அவளே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும்.

உன் நண்பன்