ஞாயிறு சமையல்: பிதுக்குப் பருப்புக் குழம்பு

நண்பர்களே, பெங்களூரில் மொச்சை சீசன் வந்துவிட்டது. இந்த ஞாயிறு எல்லோர் வீட்டிலும் ஒரே குழம்பு, இரண்டு விதமாக. ஒற்றைப்படை வீட்டு எண்காரர்கள் புளி ஊற்றுங்கள், மற்றவர்கள் தக்காளி மட்டும்.

கடையில் அவரெகாளு (மொச்சையின் கன்னடப் பெயர்) என்று கேளுங்கள். காயை முகர்ந்து பாருங்கள்; வாசனை தூக்கலாகவும் கையில் பிசுபிசுப்பாகவும் இருந்தால் நல்ல காய். உரித்த கொட்டை அரை கிலோ நால்வருக்குப் போதும். சனி இரவே பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அவசரத்துக்கு வெந்நீர் வேண்டாம், பிதுக்கும்போது பருப்பு உடையும். காலையில் ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கி, தோலை நீக்கி உள்ளிருக்கும் பருப்பை எடுங்கள். தோலை சிங்க்கில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

அரைக்க: தேங்காய்த் துருவல் அரை கப், வறுத்த மல்லி ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5, சீரகம் அரை டீஸ்பூன், கசகசா ஒரு டீஸ்பூன். சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல் தாளித்து, பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். இளம் பருப்புக்கு 15 முதல் 20 நிமிடம். குக்கர் தயவுசெய்து வேண்டாம். ஒரே விசிலில் கூழாகிவிடும்.

பலரும் தவறுவது புளிப்பில்தான். பருப்பு நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகே நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள், தக்காளிக்காரர்களும் அப்போதே இரண்டு பழம். முன்னதாகச் சேர்த்தால் எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். பிறகு விழுது, 8 நிமிடக் கொதி. நீர்த்திருந்தால் ஒரு கரண்டிப் பருப்பை மசித்துவிடுங்கள், மாவு கரைக்க வேண்டாம்.

வேகாத மொச்சையை ருசி பார்க்காதீர்கள், குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். ராகிக் களி யார் கிண்டுகிறீர்கள் என்று இன்றிரவுக்குள் குழுவில் சொல்லிவிடுங்கள்.