மாடல் நடிகையாகும் கதையில் விடுபடும் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாடலிங்கில் இருந்து சினிமாவுக்கு வந்து ஜெயித்த நடிகைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் ராம்ப்பில் நடந்த பெண்ணை ஒரு இயக்குநர் பார்த்தார், அடுத்த வருடமே அவர் நட்சத்திரம் என்று கதை இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. நான் டப்பிங் கலைஞர். மாடலாக இருந்து புதிதாக நடிக்க வந்த பெண்கள் சிலருக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் நாங்கள் பேசுகிறோம். அப்படிப் பார்க்கும்போது முகம் எதையும் மறைக்க முடியாது. ராம்ப்பில் உடைதான் கண்ணில் பட வேண்டும். அதனால் முகத்தில் எதையும் காட்டாமல் நடக்கப் பழக்குகிறார்கள். போட்டோ என்றால் வெளிச்சம் விழும் பக்கம் தாடையைத் திருப்பி அசையாமல் நிற்க வேண்டும். இந்தப் பழக்கம் லேசில் விடுவதில்லை. எதிரில் இருப்பவர் அழுதுகொண்டே பேசுவார். இவரோ தன் வசனம் முடிந்ததும் அழகாக உறைந்து நிற்பார். பேசும் இடத்தை நான் எப்படியாவது தேற்றிவிடுவேன். கேட்டுக்கொண்டு நிற்கிற முகத்துக்கு நான் என்ன செய்ய? அங்கே எனக்கு வேலையே இல்லை.

அதற்காக மாடல்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கேமரா கூச்சம் கிடையாது, நிற்க வேண்டிய இடத்துக்குத் தரையில் போட்டிருக்கும் மார்க்கில் கீழே பார்க்காமலே வந்து நிற்பார்கள், எத்தனை டேக் போனாலும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று உதவி இயக்குநர்கள் சொல்வார்கள். பாதி வேலை அதுதானே.

மீதிப் பாதிக்குத்தான் வருடங்கள் ஆகின்றன. அமெரிக்க மாடல் ஆண்டி மெக்டொவலின் முதல் படம் 1984இல் வந்தது. அவருடைய தென்மாநில உச்சரிப்பு ஒத்துவராமல் மொத்தக் குரலையும் எடுத்துவிட்டு, நடிகை கிளென் குளோஸைப் பேசவைத்தார்கள். வேறு யாராவது என்றால் மூட்டை கட்டியிருப்பார்கள். அவர் நடிப்பு கற்றுக்கொள்ளப் போனார். 1989இல் சொந்தக் குரலில் அவர் நடித்த படம் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது.

நம் பக்கமும் அப்படித்தான். ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராய்க்குப் பேசியவர் ரோகிணி. 2007இல் வந்த முதல் இந்திப் படத்துக்காகத் தீபிகா படுகோன் ஃபிலிம்ஃபேர் புதுமுக விருது வாங்கினார். படத்தில் கேட்டது மோனா கோஷ் ஷெட்டியின் குரல். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான்! 2015இல் வந்த ‘பிக்கு’வில் வயதான அப்பாவிடம் தீபிகா சொந்தக் குரலில் சிடுசிடுப்பதைக் கேட்டுப் பாருங்கள். சலிப்பும் பாசமும் ஒரே மூச்சில் வரும். அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தால் என்னால் முடியாது. இரண்டு படங்களுக்கும் நடுவே 8 வருடங்கள். உங்கள் கட்டுரையில் இல்லாதது அந்த 8 வருடங்கள்தான்.

ஒரு வேண்டுகோள். முதல் படத்தைப் பற்றி எழுதும்போது, குரல் கொடுத்தவர் பெயரையும் போடுங்கள். ஒரு வரி போதும். அப்புறம், நடிகைகளைப் பேட்டி எடுக்கும்போது சரும அழகின் ரகசியத்தைக் கேட்பதோடு, முதன்முதலில் எந்தப் படத்தில் நீங்களே பேசினீர்கள், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்றும் கேளுங்கள். அவர்களே ஆசையாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
டப்பிங் கலைஞர் ஒருவர்